சீட்டில் இல்லாத வசனம்

1

ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் என்னை நல்லவள் என்று எழுதி அனுப்ப வேண்டாம். போன தடவை இங்கத்திப் பனியைப் பற்றியும் என் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் எழுதியபோது, 'எஸ்தரக்கா எவ்வளவு வெள்ளந்தியாக எழுதுகிறார்' என்று இரண்டு பேர் பதில் போட்டிருந்தீர்கள். வெள்ளந்தியாம்! அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

லண்டனின் வடமேற்குப் பக்கம், யூதர்களுக்கான முதியோர் இல்லம் ஒன்றில் பதினாறு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அங்கே மாடி அறையில் மிரியம் என்று ஒரு அம்மாள் இருக்கிறார். தொண்ணூற்றொரு வயது, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். இங்கே எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தொண்ணூற்றொரு வயதுக்காரியை மொட்டையாகப் பெயர் சொல்ல என் வாய் வரவில்லை. முதல் நாளே மிரியம்மா என்று கூப்பிட்டேன். "அது என்ன கடைசியில் ஒரு அம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "இருக்கட்டும், நன்றாக இருக்கிறது" என்றார்.

யோம் கிப்பூர் என்று யூதர்களுக்கு ஒரு நாள் உண்டு. செய்த பாவத்துக்கெல்லாம் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஜெபத்தில் இருப்பார்கள். இந்த வருஷம் அதற்கு இரண்டு நாள் முன்னால், மாத்திரை கொடுக்கப் போன என்னை மிரியம்மா உட்காரச் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"மார்ச் மாதம் உன்னைப் பார்த்துக் கத்தினேன். உங்கள் ஆட்களுக்கு ஒன்றுமே ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்று சொன்னேன். என்னை மன்னிப்பாயா?"

எனக்கு அது மறந்தே போயிருந்தது. இறைச்சி சாப்பிட்ட கையோடு பால் சேர்ந்ததை அவர்கள் வாயில் வைக்க மாட்டார்கள். பதினாறு வருஷம் ஆகியும் நான் புத்தி கெட்டுப்போய், மதியச் சாப்பாடு முடிந்தவுடன் பால் டீயைக் கொண்டுபோய் நீட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். "ஐயோ, அதெல்லாம் எதுக்கு மிரியம்மா? கடவுளிடம் கேட்டீர்கள் இல்லையா, அது போதும்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "போதாது. கடவுளுக்குச் செய்த தப்பைக் கடவுள் மன்னிப்பார். உனக்குச் செய்ததை மன்னிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அது உன் கையில் இருக்கிறது. நான் உன்னிடம் கேட்காமல் அவர் முன்னால் போய் நின்றால், முதலில் எஸ்தரிடம் போய்விட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்."

மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, துணி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வருஷமாக ஒரு காரியத்துக்காக நான் கடவுளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முழங்கால் போட்டுக் கேட்டிருக்கிறேன், உபவாசம் இருந்து கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டியவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் போன் பண்ணி, "ராகேலக்கா, நல்லாக்கிறீங்களா?" என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன்.

2

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம், நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பஸ் ஸ்டாண்டில் இரண்டும். அப்பாவை நைனா என்போம். என் நைனா அங்கிருந்த சின்ன சபைக்கு உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். நடுவில் எந்த இடத்தில் பாஷை மாறியது என்று அவருக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது.

டிசம்பர் பிறந்தால் நைனா தீர்க்கதரிசனங்களைக் கையில் எடுத்துக்கொள்வார். மேசியா, அதாவது வரப்போகிற இரட்சகர், எந்த ஊரில் பிறப்பார், எதில் ஏறி வருவார், எத்தனை வெள்ளிக்காசுக்குக் காட்டிக் கொடுக்கப்படுவார் என்று பழைய தீர்க்கதரிசிகள் எழுதி வைத்ததையும், அது இயேசுவில் நிறைவேறியதையும் ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொல்வார். ஒவ்வொன்றும் முடிந்ததும், "எழுதினபடியே நடந்துச்சா இல்லியா?" என்று கேட்பார். சபை மொத்தமும், "நடந்துச்சி!" என்று கத்தும். பிள்ளைகள் நாங்கள் கூரை பிய்ந்துபோகிற மாதிரிக் கத்துவோம்.

அதற்கு அடுத்து வருவது புது வருஷத்து வாக்குத்தத்தச் சீட்டு. நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னச் சின்ன அட்டைகளில் ஆளுக்கொரு வசனம் எழுதித் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து, ஜெபம் பண்ணிக்கொண்டு, ஒன்றை எடுப்பார்கள். எடுத்த வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்கே கொடுத்த வாக்கு. அதைப் பார்த்துப் பொறுக்கக் கூடாது, மாற்றிக்கொள்ளவும் கூடாது.

டவுன் சபைகளில் அச்சடித்த சீட்டு. எங்கள் சபைக்குச் சீட்டெழுதுவது நான். தமிழுக்கு மஞ்சள் அட்டை, தெலுங்குக்கு ரோஸ் அட்டை. எந்தெந்த வசனம் எழுதலாம் என்று நைனா பட்டியல் கொடுப்பார். மேசியாவைக் குறித்த தீர்க்கதரிசனம் ஒன்றுகூட அதில் இருக்காது. "அதெல்லாம் அவரப் பத்தி எழுதினது. நமக்குப் பங்கு போட்டுக்கிறதுக்கு இல்ல" என்பார். அந்த விஷயத்தில் மனுஷர் ரொம்பக் கண்டிப்பு.

எங்கள் சபையில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை எடுத்ததும் நேரே ஜன்னலோரம் நிற்கிற என்னிடம் கொண்டு வருவார்கள். "பாப்பா, இன்னான்னு படி." நான் படித்துச் சொல்வேன். அவர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ஆண்டவருடைய வார்த்தை என் வாய் வழியாகப் போகிறது என்று எனக்குத் தலைக்குள் கொஞ்சம் கர்வம் ஏறியிருந்தது. கொஞ்சம் இல்லை, நிறையவே.

அந்த வருஷம் ராகேலக்காவுக்கு முன்னால் வந்த பெண்ணுக்கு ஆறு பிள்ளைகள். அவளுக்கு விழுந்தது, உன் பந்தியைச் சுற்றிப் பிள்ளைகள் ஒலிவமரக் கன்றுகளைப் போல் இருப்பார்கள் என்கிற வாக்கு. நான் சத்தமாகப் படித்துவிட்டேன். "இன்னுமாடி?" என்று யாரோ கேட்க, சபையே சிரித்தது. வரிசையில் நின்ற ராகேலக்காவும் சிரித்தாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து ஓய்ந்துபோயிருந்தாள். சீமந்தத்துக்கு யார் வீட்டிலும் அவளைக் கூப்பிடுவதில்லை. சபைக்காரர் வீட்டிலும்தான்.

அவள் சீட்டை என்னிடம் நீட்டினாள். மஞ்சள் அட்டை, என் கையெழுத்து. உன் மதிலுக்குள்ளே சமாதானம் இருக்கும் என்கிற மாதிரி ஒரு சின்ன வரி. நல்ல வசனம்தான். ஆனால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் உதட்டிலேயே இருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது.

என் வாய் சும்மா இருந்ததா? "உனக்கு ஒரு பாலகன் பிறப்பான், உனக்கு ஒரு குமாரன் கொடுக்கப்படுவான்னு வந்துக்குதுக்கா" என்றேன். ஏசாயா தீர்க்கதரிசி சொன்னது அது. டிசம்பர் முழுக்கப் பாடிப் பாடி நாக்கு நுனியிலேயே இருந்தது. மேசியாவுக்கு முன்னறிவிப்பாக நாங்கள் நம்புகிற வசனம். அதில் 'நமக்கு' என்றிருப்பதை 'உனக்கு' என்று மாற்றியதும் நான்தான்.

அவள் நம்பாமல் பார்த்தாள். "இன்னொரு தபா படி" என்றாள். அட்டையில் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தி, அங்கே இல்லாததை மறுபடியும் படித்தேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. நைனா கண்ணில் அந்தச் சீட்டு பட்டால் என் தோலை உரித்துவிடுவார் என்று பயம் வந்தது. "யாருக்கும் காட்டாதீங்கக்கா. நடக்கிற வரிக்கும் உள்ளயே வச்சிக்கோங்க. அப்பதான் பலிக்கும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். ஏசுபாதம் மாமாவிடம், அதுதான் அவள் புருஷன், அவரிடம்கூட அதைக் காட்டவில்லை.

3

எட்டு மாசம் கழித்து ஏர்பேட்டிலிருந்து ராகேலக்காவின் தங்கை சுகுணா வந்தாள். நாலாவதும் பெண் பிறந்திருந்தது. பிறந்து இருபது நாள். அவளும் புருஷனும் தங்களால் வளர்க்க முடியாது என்று முடிவு பண்ணி, அக்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்தார்கள். ஏசுபாதம் மாமா கொத்து வேலை பார்க்கிறவர். சந்திரகிரிப் பக்கம் வேலையில் இருந்தவர் சேதி கேட்டு அன்றைக்கே பஸ் பிடித்து ஓடி வந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம் மனுஷருக்கு.

எந்தக் காரியமானாலும் உபதேசியார் முன்னால் பேசி முடிப்பது எங்கள் வழக்கம். எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் டீ போட்டு எடுத்து வந்தேன். சுகுணா குழந்தையை ராகேலக்கா மடியில் போட்டிருந்தாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலால் அதன் நெற்றியைத் தடவினாள். பிறகு தூக்கித் தங்கையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேணாம் சுகுணா."

"ஏன் ராகேலு?" என்று மாமா பதறிவிட்டார்.

"ஆண்டவர் எனக்குப் பையன்னு வாக்குக் குடுத்துக்கிறாரு. இத நான் வாங்கிக்கினா, அவரு வார்த்தைய நம்பலன்னு ஆயிடும்."

"எப்பம்மா குடுத்தாரு?" என்று நைனா கேட்டார்.

"அது சொல்லக்கூடாது உபதேசியாரே" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நீயும் நானும்தானே இந்த ரகசியத்தைக் காக்கிறோம் என்கிற மாதிரி ஒரு பார்வை. நான் டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன்.

இங்கேதான் நான் செத்திருக்க வேண்டும். சீட்டில் படித்தது பொய் ஒன்று. அதை விளையாட்டுப் புத்தி, இரக்கம் என்றெல்லாம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அன்றைக்குப் பேசாமல் நின்றதை என்ன சொல்லித் தப்பிப்பது? அக்கா, அது சீட்டில் இல்லை, நானாகச் சொன்னது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை அந்த மடியிலேயே இருந்திருக்கும். எனக்கு வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்து நாலு நாளில் கிளம்ப வேண்டும். நைனா எழுதிக் கொடுத்த நன்னடத்தைக் கடிதத்தில்தான் அந்த இடம் நின்றது. உண்மையைச் சொன்னால் அதே கையால் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டம்ளரைக் கழுவப் போகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

வெளியே நைனா, "அவ்ளோ விசுவாசம் இருக்கசொல்ல நான் இன்னாம்மா சொல்றது?" என்று சொன்னது கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவளுடைய விசுவாசத்தைப் புகழ்ந்தாராம். நல்ல வேளை, அதைக் கேட்க நான் ஊரில் இல்லை.

சுகுணா அந்தக் குழந்தையைக் காளஹஸ்திக்கு அப்பால் யாரோ ஒரு தம்பதிக்குக் கொடுத்துவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. அவர்கள் ஊரை மாற்றிக்கொண்டு எங்கோ போய்விட்டார்கள். அக்கா தங்கைக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ராகேலக்காவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மாமா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

4

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டபோது ஒரு ஃபாரம் வந்தது. புஸ்தகம் மாதிரி அவ்வளவு பக்கம். இதற்கு முன் வேறு பெயர் இருந்ததா என்று ஒரு கேள்வி. சபையில் எஸ்தர், பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் ஈஸ்வரி. கிறிஸ்தவப் பெயர் போட்டால் எஸ்.சி. சலுகை போய்விடும், நம் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும். இங்கே இருக்கிற அதிகாரிக்கு எப்படிப் புரிய வைப்பது? தாசில்தார் இருக்கிற மண்டல் ஆபீசிலிருந்து ஒரு சான்றிதழ், வக்கீல் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று, அதற்கு மொழிபெயர்ப்பு என்று ஏழு மாசம் அலைந்தேன்.

அது முடிந்து கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி. உங்களை நன்னடத்தை உள்ளவர் அல்ல என்று நினைக்கும்படி வேறு ஏதாவது எப்போதாவது செய்திருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. 'இல்லை'யில் டிக் அடித்தேன். வேறென்ன செய்ய? நானும் இந்த நாட்டுக்காரி ஆகிவிட்டேன்.

என் மகள் அபிகாயிலுக்குப் பதினேழு வயது. ஒரு வருஷமாகச் சர்ச்சுக்கு வருவதில்லை. தமிழும் ஏறக்குறைய போய்விட்டது. நான் கோபத்தில், "துன்னுட்டுப் போடி" என்றால் மட்டும் சிரித்துக்கொண்டு அப்படியே திருப்பிச் சொல்வாள். இங்குள்ள தமிழர் கூட்டங்களில் என் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. அவளுக்கோ அந்த ஒரு வார்த்தைதான் தமிழ்.

அவள் வரமாட்டேன் என்று சொன்ன முதல் ஞாயிறு, "நீ ஆண்டவருக்கென்று பிறந்தவள். நீ வயிற்றில் இருக்கும்போதே எனக்கு வசனம் வந்தது" என்று ஆரம்பித்தேன்.

"யாருக்கோ எழுதின வசனத்தையெல்லாம் கொண்டுவந்து என் மேலே ஏன் ஒட்டுகிறாய், அம்மா?" என்றாள். இங்கிலீஷில் சொன்னதைத்தான் தமிழில் தருகிறேன். அவளுக்கு ராகேலக்கா கதை தெரியாது. யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குப் பிறகு அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் எழுப்புவதை விட்டுவிட்டேன்.

5

யோம் கிப்பூர் முடிந்த வாரம் மிரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது போலிருந்தது.

எங்களுக்குள் மேசியாப் பேச்சு புதிதில்லை. மிரியம்மா விடாமல் காத்திருக்கிறவர். மேசியா வருவார், தாமதித்தாலும் தினமும் எதிர்பார்ப்பேன் என்று காலையில் காபிக்கு முன்னால் சொல்லிக்கொள்வார். அவர்களுடைய பஸ்கா பண்டிகை விருந்தில், மேசியாவுக்கு முன்னால் எலியா தீர்க்கதரிசி வருவார் என்று ஒரு கிண்ணம் திராட்சரசம் ஊற்றி வைத்துக் கதவைத் திறப்பார்கள். முதல் வருஷம் என்னைத்தான் திறக்கச் சொன்னார்கள். நான் தெரியாத்தனமாக நெருப்பு வந்தால் ஓடுகிற கதவைத் திறந்துவிட்டேன். கட்டடம் முழுக்க அலாரம் அலறி, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. "எலியா நெருப்பு ரதத்தில் போனவர்தானே, இப்படித்தான் வருவார்" என்று மிரியம்மா ஒரு வாரம் என்னைக் கிண்டல் பண்ணினார். எலியா, இயேசுவுக்கு முன் வந்த யோவான் ஸ்நானகனாக ஏற்கெனவே வந்தாயிற்று, மேசியாவும் வந்தாயிற்று என்று நைனா இருந்தால் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. வேலைக்கு வந்த இடம்.

ஒரே ஒரு தடவை அவரே கேட்டார். "வந்துவிட்டார் என்கிறீர்கள். அவர் வந்தால் யுத்தம் இருக்காது என்றல்லவா எழுதியிருக்கிறது? ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொல்."

"மறுபடியும் வருவார் மிரியம்மா. மீதி அப்போது நிறைவேறும்" என்றேன்.

"அப்படியானால் நீயும்தான் காத்திருக்கிறாய்" என்றார். அது உண்மைதானே.

இந்த முறை நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். பிறகு டீச்சர் குரல் வந்தது.

"எந்த வசனம் என்று சொன்னாய்?"

சொன்னேன்.

"ஊரைச் சுற்றி எதிரிகள் நிற்கும்போது, பயந்துபோயிருந்த ஜனத்துக்கு எங்கள் தீர்க்கதரிசி சொன்னது அது. அரண்மனையில் பிறந்த ஒரு பிள்ளையைப் பற்றி. அந்த ராஜா வந்தான், ஆண்டான், போனான். எங்கள் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் படித்தார்கள். உன் அப்பா எப்படிப் படித்தார்?"

"அது இயேசுவைப் பற்றியது என்று. நானும் அப்படித்தான் நம்புகிறேன்."

"நம்பு. அந்தச் சண்டை இரண்டாயிரம் வருஷமாக நடக்கிறது, நாம் இரண்டு பேரும் இன்றைக்கு முடிக்கப் போவதில்லை. ஆனால் உன் அப்பாவும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறோம் பார். அது உன் ராகேலுக்கு வந்த கடிதம் இல்லை. வேறொருவர் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்திருக்கிறாய்."

நான் அழுதேன். அவர் அழவிட்டார்.

"காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்" என்றார். "எங்கள் ஜனமே காத்திருக்கிறது. ஆனால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறோம். நீ அவளைத் தனியாக உட்கார வைத்தாய். போய்ச் சொல்."

"மன்னிப்பாளா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கேட்பது உன் வேலை. மன்னிக்கவில்லை என்றால் மூன்று தடவை கேட்க வேண்டும் என்று எங்கள் முறை. மன்னிப்பாள் என்று நான் சொன்னேனா?"

6

எனக்கு வேலை இல்லாத ஒரு புதன்கிழமை. இங்கே காலை பதினொரு மணி, அங்கே மத்தியானம் மூன்றரை. போனை எடுத்து மூன்று தடவை கீழே வைத்தேன். நாலாவது தடவை மணி அடித்தவுடனே எடுத்துவிட்டாள்.

"இன்னா பாப்பா, கிறிஸ்மஸ் இன்னும் வரலியே, அதுக்குள்ள பண்றே? நல்லாக்கிறியா? துன்னியா? பொண்ணு எப்டிக்குது?"

"நல்லாக்கிறோங்க்கா. நீங்க இன்னா பண்றீங்க?"

"வேர்க்கடல புடுங்கிப் போட்டுக்குது. ஆஞ்சிக்கினு இருக்கேன்." செடியிலிருந்து காயைப் பிய்த்துக் கூடையில் போடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாம கேளுங்க" என்றேன். தண்ணீர் குடித்துக்கொண்டேன். "நான் வேலூருக்குப் போன வருஷம், புது வருஷத்துக்கு நீங்க ஒரு சீட்டு எடுத்தீங்களே. அதுல நான் படிச்சது இல்லக்கா. வேற வசனம் இருந்துச்சி. பையன் பொறப்பான்னு நானாத்தான் சொன்னேன்."

கடலை விழுகிற சத்தம் நின்றுபோயிற்று.

"அவுனா?" என்றாள். அப்படியா என்பதற்கு எங்கள் பக்கம் தமிழ் பேசும்போதும் அந்தத் தெலுங்கு வார்த்தைதான் வரும். லைன் போய்விட்டதோ என்று, "அக்கா, அக்கா" என்று கத்தினேன்.

"இங்கதான் இருக்கேன். ஏன் பாப்பா அப்டி சொன்னே?"

"எல்லாரும் சிரிச்சாங்களே. உங்க மொகத்தப் பாத்தேன். மனசு கேக்கல."

"சுகுணா வந்த அன்னிக்கி நீ அங்கதான நின்னுக்கினு இருந்தே?"

"ஆமாங்க்கா."

"டீ குடுத்தே."

"ஆமாங்க்கா. பயந்துட்டேன். நைனா என்னப் படிக்க அனுப்பமாட்டாருன்னு பயந்துட்டேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"எனக்கு அறுவது வயசாவுது. இனிமே பொறக்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா சொன்னவரு பொய் சொல்லமாட்டாரே. அப்ப நான்தான் எங்கியோ தப்பு பண்ணிக்கிறேன், அதான் குடுக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னா தப்பு, எப்ப பண்ணேன்னு தேடிக்கினே இருந்தேன் பாப்பா. உங்க மாமா சாவசொல்ல, 'என்னாலதான் உங்களுக்குப் புள்ள இல்லாம போச்சி, மன்னிச்சிடுங்க'ன்னு அவரு காலப் புடிச்சிக்கினேன்."

நான் ஒரு பிள்ளையைத்தான் அவளுக்கு இல்லாமல் பண்ணினேன் என்று இத்தனை நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷமாக அவள் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நான் போட்ட முடிச்சை அவள் தன் பாவம் என்று நினைத்து அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

"என் கதைய உடு. நான் கேட்டத நம்பினேன், அவ்ளோதான்" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "மடி மேல வந்தத நான் திருப்பிக் குடுத்தேனே, அது இன்னா பாவம் பண்ணுச்சி? இப்ப எங்கியோ வளந்து ஆளாயிருக்கும். பெத்தவளும் வேணான்னா, பெரியம்மாளும் வேணான்னான்னு யாராவது அதுகிட்ட சொல்லியிருப்பாங்க. நீ அதத் தேடிப் போய்க் கேளு. அது மன்னிச்சா நானும் மன்னிச்சிட்டேன்னு வச்சிக்கோ."

"தேடறேங்க்கா. கட்டாயம் தேடறேன்" என்றேன். பேனாவையும் ஒரு காகிதத்தையும் கிட்டே இழுத்துக்கொண்டேன். "அது பேரு இன்னாக்கா?"

"பேரா?" என்றாள் ராகேலக்கா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "பேர நீயே வையி அக்கான்னு சொல்லித்தான சுகுணா என் மடில போட்டா."